பின்வாசல் லாரிகள்

மார்ச் 4

ஏழாம் இடம்! எந்த நாடு குப்பையை எவ்வளவு மறுசுழற்சி செய்கிறது என்ற உலகப் பட்டியலில் நமக்கு ஏழாம் இடமாம். எங்கள் துறை இயக்குநர் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். எங்கள் நாட்டுக் கணக்கைக் கூட்டி அனுப்பியவள் நான். எனக்குக் கிடைத்தது ஓரத்துண்டு. பரவாயில்லை, இனிப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 9

அக்கா வீட்டுக்குப் போனேன். குப்பையைத் தரம் பிரிக்கும் ஆலைக்குப் பின்புறம்தான் அவள் வீடு. ஏழாம் இடத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் ஈரத்துணியால் ஜன்னலைத் துடைத்து, துணியை என் முன்னால் போட்டாள். கன்னங்கரேல் என்றிருந்தது. உள்ளே அவள் மகள் இருமிக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடப் பையிலேயே இன்ஹேலர் வைத்திருக்கிறாளாம்.

"ஆலைக்குப் பின்னாடி பள்ளத்துல தினமும் கொளுத்துறாங்கடி. இது உன் கணக்குல எங்க இருக்கு?"



மார்ச் 10

ஆலைக்கே போய்விட்டேன். முன்வாசலில் எடைமேடை. லாரி ஏறுகிறது, எடை பதிவாகிறது, மறுசுழற்சி முடிந்தது! நான் அனுப்புவது அந்த எடையைத்தான். பிரித்த பிறகு பாதிக்கு மேல் பின்வாசல் வழியாகப் பள்ளத்துக்குப் போகிறது. அங்கே எடைமேடையே இல்லை. ஏன் என்று கேட்டால், வெளியே போவதை எடை போடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்கிறார் மேலாளர். வகுப்புக்குள் நுழைந்தவனெல்லாம் பாஸ் என்றால் பரீட்சை எதற்கு?

மார்ச் 11

வெளியே போவதைக் கழித்துத்தான் அடுத்த கணக்கை அனுப்ப வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். சிரிக்கிறார். எல்லா நாடும் வாசலில்தான் அளக்கிறதாம், நாம் மட்டும் யோக்கியம் காட்டினால் அதலபாதாளத்துக்குப் போவோமாம். போனா போகட்டுமே! அந்தக் குழந்தைக்கு மூச்சு விட முடியல. அது தெரியுமா இவருக்கு?

மார்ச் 18

இயக்குநரின் புது யோசனை இன்னும் மோசம். பள்ளத்தில் எரிவதை 'வெப்ப மீட்பு', அதாவது எரித்து வெப்பத்தைப் பயன்படுத்துகிறோம் என்று கணக்கில் சேர்த்தால் ஐந்தாம் இடம்கூடக் கிடைக்குமாம். யாருக்கு வெப்பம்? எதை மீட்டீங்க? வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அந்தக் கணக்கில் ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு நிம்மதியாக இரேன் என்றார் கணவர். அவருக்கும் திட்டு விழுந்தது.

மார்ச் 21

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 22

இயக்குநரே போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 2

மாற்றல் உத்தரவு. எங்கே? அதே ஆலைக்கு, பொறுப்பு அதிகாரியாக. கொஞ்ச நாள் குப்பையோட கிடக்கட்டும், கொழுப்பு அடங்கும்னு நினைச்சிருப்பாங்க. கோபத்தில் அழுகை வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்தில்தானே, மத்தியானம் சாப்பிட வந்துவிடு என்றாள். உலகமே இடிந்து விழுந்தாலும் இவளுக்குச் சாப்பாடுதான்.

ஏப்ரல் 7

பொறுப்பு அதிகாரி. அப்படியென்றால் — இரண்டு வாசலும் என் பொறுப்பு! இதை யோசிக்காமலா அனுப்பினார்கள்?

ஏப்ரல் 9

ஆலையில் பொறுப்பேற்றதும் பின்வாசலுக்குப் பூட்டுப் போடச் சொன்னேன். பள்ளத்துக்குப் போகிற லாரியும் இனி முன்வாசல் எடைமேடையில் ஏறித்தான் போக வேண்டும். ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், வரிசை ரோடு வரை நீண்டது. உள்ளே வருகிற, பள்ளத்துக்குப் போகிற ஒவ்வொரு லாரியின் எடையையும் வாசலில் ஒரு கரும்பலகையில் எழுத வைத்தேன். மத்தியானத்துக்குள் தெருவே வந்து நின்று படித்தது. அக்காவும் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து படித்தாள்.  சாப்பாட்டுத் தூக்கை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இயக்குநர் போன் செய்தார்.

"அங்க என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க?"

"எடை போடறேன் சார்."

 பலகையை உடனே எடுக்கச் சொன்னார். அதைச் சுற்றி ஜனங்கள் நிற்கிறார்கள், நீங்களே வந்து அவர்களிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பலகையில் இடம் இல்லை. நாளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.