அழியக் கூடாத கோடு

ஜூன் 2, திங்கள்
இன்று முதல் கரண்டு வைக்கிறார்கள், கதிர் வைத்தியம். வீட்டுக்காரர் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள் மதுரை ஆஸ்பத்திரியில். நுரையீரல் புற்று, ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிவிட்டது. முப்பது தடவை கரண்டு. கூடவே வாரம் ஒரு கீமோ. "கோட்டைப் பாத்துத்தான் குறி வைப்போம். அழியக் கூடாதுக்கா," என்றாள் நர்ஸ் வினோலியா. இவருக்கோ தீபாவளிப் பட்டாசு ஆர்டர் கவலை. இருபத்திரண்டு வருடம் வெடிமருந்து கலந்த மனுஷன்!

ஜூன் 17, செவ்வாய்
எச்சில் விழுங்கினாலும் எரிகிறதாம். "ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணு குடுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.
"கீமோவுல கட்டி தளர்ந்திருக்கும்போதே கரண்டு வைக்கணும் அண்ணாச்சி. நடுவுல நாள் விட்டா தலை எடுத்துரும்," என்றாள் வினோலியா.

ஜூன் 18
கஞ்சி. அரை டம்ளர்.

ஜூன் 21, சனி
சொல்லாமல் கொள்ளாமல் நாரணாபுரம் கம்பெனிக்குப் போயிருக்கிறார். புது ஆள் கலப்பது சரியா என்று பார்க்கவாம்! கழுத்தெல்லாம் மருந்தில் கலக்கும் வெள்ளிப் பொடி. வந்ததே ஆத்திரம். வேலைக்குப் போன காலத்தில் செய்ததுபோலவே வாசலில் நிறுத்தி, நாலு வாளி ஊற்றி, தேங்காய் நாரால் ஏசிக்கொண்டே தேய்த்தேன். துவட்டும்போதுதான் பார்த்தேன். நெஞ்சில் கோட்டைக் காணோம்.
ஐயோ, நானே அளிச்சிட்டேனே. பொடி போகணும்னுதான நெனச்சேன் —

ஜூன் 22
பேனாவால் நானே வரைந்துவிட்டால்? சீ. எங்கே இருந்தது — நடுவிலா, இடப்பக்கமா? இத்தனை வருடம் தேய்த்த நெஞ்சு, நினைவில்லை.

ஜூன் 23, திங்கள்
மறுபடி ஸ்கேன், புதுக் கோடு. மூன்று நாள் கரண்டு கிடையாது. "யாரு அழிச்சது?" என்றார் டாக்டர். நான் வாய் திறக்குமுன், "நாந்தான் சார், ஒரே கசகசப்பு," என்றார் இவர்.
பஸ்ஸில் நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அது தலை எடுக்க மூன்று நாள் போதுமா?

ஜூலை 16
முப்பதும் முடிந்தது. அந்த மூன்று நாள்தான் மண்டைக்குள் ஓடுகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி
கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மீதி இருக்கிறது, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் வினோலியாவிடம் சொல்லிவிட்டேன், அழித்தது நான்தான் என்று.
"தெரியும்க்கா. அன்னைக்கு முதுகெல்லாம் நார் கீறலு. தன் முதுகை யாரு அம்புட்டுத் தேய்ப்பா?"
சாயங்காலம் வாசலில் குளிக்க உட்கார்ந்து நாரைக் கேட்டார். அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். வெறும் கையால் சோப்புப் போட்டேன். நெஞ்சுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.
"தேயி ஆவுடை. இனி அளியக் கோடு இல்ல," என்றார்.
தேய்த்தேன்.