கண் கழுவும் குவளையில் காஸ்டிக் வைத்திருப்பதை உடனே அகற்றக் கோரி

அனுப்புநர்:
‘குழாயடி அக்கா’ என்று அழைக்கப்படும் பெண் தொழிலாளி,
ஆசிட் தொட்டிப் பிரிவு (போன வாரத்திலிருந்து பொட்டலப் பிரிவு),
கதவுக் கைப்பிடிகளுக்கு முலாம் பூசும் பட்டறை.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஆசிட் தெறித்த இடத்தில் காஸ்டிக் ஊற்றும் பழக்கத்தைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பட்டறையில் கைப்பிடிகளைச் சூடான காஸ்டிக் (காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம்) தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்போம். தண்ணீரில் அலசியபின் ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுப்போம். இரண்டு தொட்டிகளும் கை எட்டும் தூரத்தில் உள்ளன. கையில் ஆசிட் தெறித்தால் வேலையைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடி, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கையைக் காட்ட வேண்டும் என்பது விதி. நான் அப்படித்தான் செய்வேன். அதனால்தான் எனக்கு இந்தப் பட்டப்பெயர். அதில் வருத்தமில்லை என்று எழுதினால் பொய் சொன்னதாகும்.

2. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பெண், ‘மின்னல்’ என்று அழைக்கப்படுபவர். கை அவ்வளவு வேகம். சிரித்தால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். எனக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் பதவி அவருக்குப் போயிற்று. ரசாயன அறைச் சாவியும் என் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்குப் போயிற்று. ஒரே தொட்டிப் பிரிவில் வேலை செய்யும் என் கணவர், கல்யாணமான நாளிலிருந்து என் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒருமுறைகூடக் கழுவியதில்லை. ஆசிட் தெறிக்காமலிருக்க மின்னல் மாட்டும் முகக்கண்ணாடியை மட்டும் தினமும் துடைத்துக் கொடுக்கிறார். இருவருக்கும் இடையே தவறான பழக்கம் ஏதுமில்லை. விசாரித்துவிட்டேன். இந்தப் பத்தி மனுவுக்குத் தேவையற்றது என்று அறிவேன். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

3. இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் பழைய ஆசிட்டைக் கழிவுத் தொட்டியில் விட்டு, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒன்றை ஒன்று முறித்த பிறகே சாக்கடையில் விடுவோம். அது சரியான முறை. மின்னல் அதைப் பார்த்து, “தொட்டிக்கு முறியுது, கைக்கு முறியாதா?” என்று கேட்டார். தம் கையில் ஆசிட் தெறித்தபோது அந்தக் கையை, கழிவை முறிக்க வாளியில் கரைத்து வைத்திருந்த காஸ்டிக்கில் முக்கி எடுத்துவிட்டு, அடுத்த நொடியே வேலையைத் தொடர்ந்தார். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பாருங்க, நேரமே வீணாகலை!” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து குழாயடிப் பக்கம் போவது நான் மட்டும்தான்.

4. கழிவுத் தொட்டியில் இரண்டும் சேரும்போது ஆவி பறப்பதை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். அதே கொதிப்பு தோலின் மேல் நடந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போதாததற்கு, காஸ்டிக் ஆசிட்டைப் போல உடனே சுரீரென்று எரிவதில்லை. சோப்புப் போட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கும். நம் தோலில் உள்ள கொழுப்பைக் கரைப்பதால் வரும் வழுவழுப்பு அது. என் கணவர் அதைத்தான் “எரிச்சல் அடங்கிடுச்சு, சும்மா கத்தாதே” என்கிறார். அவருடைய வலது கட்டைவிரல் வெளுத்து ஊறிப்போய்விட்டது. நேற்று சூடான டம்ளரை அந்த விரலால் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குடித்தார். நான் டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். என்னால் பிடிக்க முடியவில்லை.

5. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளது. கண்ணில் ஆசிட் பட்டால் ஊற்றிக்கொள்வதற்கென்று, தொட்டிகளுக்கு மேலுள்ள பலகையில் ஒரு குவளையில் காஸ்டிக் கரைசல் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு என்பதால் தண்ணீர் அதிகம் கலந்திருக்கிறதாம்! ஐயா, ஆசிட் பட்ட கண்ணை உடனே தண்ணீரில் கழுவினால் காப்பாற்ற வழியுண்டு. அதில் காஸ்டிக்கையும் ஊற்றினால் அது உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பலகைக்கு நேர் கீழே நின்று வேலை செய்பவர் என் கணவர். வேர்க்கிறது என்று முகக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம்.

6. ஆகவே நான் தினமும் காலையில் யாரும் வருமுன் அந்தக் குவளையைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தேன். போன வாரம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். மின்னலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரத்தான் இப்படிச் செய்தேன் என்றார் முதலாளி. என் கணவர் எல்லோர் முன்னிலையிலும், “பொறாமை பிடிச்சு அலையறா, சார். வேற ஒண்ணுமில்லை” என்றார். என்னைப் பொட்டலப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தொட்டிப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. குவளையில் மறுபடியும் காஸ்டிக் இருக்கிறது.

7. எனக்குப் பொறாமை உண்டு. மறைக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதவி அவருக்கு எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் சொல்பவள் பொறாமைக்காரி என்பதற்காகக் காஸ்டிக் சுடாமல் இருந்துவிடுமா?

8. எனவே தாங்கள் தாமதிக்காமல் நேரில் வந்து அந்தக் குவளையை அகற்ற வேண்டும். தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே கண்ணும் கையும் கழுவத் தண்ணீர்க் குழாய் போட உத்தரவிட வேண்டும். முகக்கண்ணாடியைக் கழற்றுபவர் யாராக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். என் கணவர் உட்பட.

9. கடைசியாக ஒன்று. இந்த மனு நான் கொடுத்தது என்று பட்டறையில் யாருக்கும் தெரிய வேண்டாம். விஷயத்தை மின்னலிடம் தனியே எடுத்துச் சொல்லுங்கள். கெட்டிக்காரி, உடனே புரிந்துகொள்வார். பிறகு தாமே கண்டுபிடித்ததுபோல அவர் வாயாலேயே எல்லோருக்கும் சொல்லட்டும். பாராட்டும் அவருக்கே போகட்டும். இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னால்தான் என் கணவர் கேட்பார்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பொட்டலப் பிரிவுத் தொழிலாளி

நாள்: திங்கட்கிழமை, காலை வேலை தொடங்கும் முன்
இடம்: பட்டறையின் பின்வாசல்