கையெழுத்து மட்டும் போட்ட வகுப்பு

இன்று காலைத் தபாலில் உன் பெயருக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நரம்பியல் வகுப்பு, பொது மருத்துவர்களுக்கு. நீ போய் எட்டு மாதமாகிறது. பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி நான்தான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருக்க, உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் நாம் சேர்ந்து கிளினிக் நடத்திக்கொண்டிருந்தோம். கல்லூரியை விட்டு இருபது வருஷமாகியிருந்தது. காய்ச்சலும் பேதியும், தொழிற்சாலைப் புகையால் வரும் இருமலும் பார்த்துப் பார்த்து மற்றதெல்லாம் மறந்துகொண்டிருந்தது. அதற்குப் பயந்தவன் நீதான். "படிச்சதெல்லாம் மறந்துட்டு உக்காந்திருக்கோம்டா. நம்மள நம்பித்தானே வராங்க" என்றாய். மாதம் ஒரு ஞாயிறு நகரத்து ஓட்டலில் நடக்கும் தொடர் மருத்துவக் கல்வி வகுப்புக்கு முறைவைத்துப் போவது, போனவன் திங்களன்று மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு செய்தாய்.

அந்த ஞாயிறு என் முறை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் கொடுத்த பையை வாங்கிக்கொண்டேன். முதல் பேச்சாளர் மேடையேறுவதற்குள் வெளியே வந்து, மைத்துனன் வீட்டில் சாயங்காலம்வரை கிரிக்கெட் பார்த்தேன்.

மறுநாள் காலை கன்னியம்மா வந்தாள். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் வேலு தோள்கொடுத்துக் கூட்டிவந்தான்.

"ரெண்டு நாளா காலு மதமதன்னு கீது டாக்டரு. நேத்து கூடைய தூக்கினு எழுந்துக்கவே முடில."

முன்பு வயிற்றால் போனதா என்று கேட்டாய். போன வாரம் போனது என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என் மேசைப் பக்கம் திரும்பினாய்.

"நேத்து கிளாஸ் நரம்புதானே? இந்த மாதிரி எதுனா சொன்னாங்களா?"

"புதுசா ஒண்ணும் இல்லடா" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சத்துக்குறைவு என்று நினைத்து, வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினாய். புதன்கிழமை விடிவதற்குள் பலவீனம் காலிலிருந்து நெஞ்சுவரை ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மூச்சுவிட முடியாமல், ஆட்டோவிலேயே இறந்துபோனாள். நரம்புகளைத் தாக்கி மேலேறும் வாதம் என்று அங்கே சொன்னார்கள்.

அன்று மாலை குப்பத்துக்குப் போனோம். அத்தனை பேர் நடுவில் வேலுவின் முன் நின்று, "நான் கண்டுபுடிச்சிருக்கணும் வேலு. தப்பு என்னுது" என்றாய். யாராவது அடித்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். வேலு உன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உனுக்குத் தெரிஞ்சிருந்தா வுட்ருப்பியா டாக்டரு?"

நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகே அந்தப் பையைத் திறந்தேன். வகுப்புக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது: கால் பலவீனத்தோடு வருபவரின் முழங்காலைத் தட்டிப் பாருங்கள், கால் துள்ளவில்லையென்றால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கிழித்துப் போட்டேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் எனக்கு விடவில்லை நீ. எல்லா வகுப்புக்கும் நீயே போனாய். மறுவருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் அதே மாதிரி கால் தளர்ந்து வந்தபோது, முழங்காலைத் தட்டிப் பார்த்த கையோடு உன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனாய். அவர் பிழைத்தார். திரும்பி வந்த உன் முகத்தில் சந்தோஷமே இல்லை. "அந்தம்மாவையும் இப்படிக் கூட்டினு போயிருக்கலாம்" என்றாய்.

நுரையீரல் புற்று உன்னைப் படுக்கவைத்த கடைசி வாரத்திலும் அதுதான். "கன்னியம்மா மூஞ்சி போவவே மாட்டேங்குதுடா." சொல்லிவிட வாயெடுத்தேன். களைத்திருக்கிறாய், நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, உன் போர்வையை இழுத்துவிட்டேன். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டே நீ போய்விட்டாய்.

வேலு மாதாமாதம் ரத்த அழுத்தம் பார்க்க என்னிடம்தான் வருகிறான். வந்தால் உன்னைப் பற்றித்தான் பேச்சு. "அந்த மாதிரி வந்து தப்பு என்னுதுன்னு யாரு சொல்லுவா டாக்டரு?" என்கிறான். நான் அவன் கையில் பட்டையைச் சுற்றுகிறேன். காற்றை அடிக்கிறேன். அளவைப் பார்த்து எழுதுகிறேன்.