போனால் இரண்டு பேரும்

ஆகஸ்ட் 14

தமிழில்தான் எழுதப்போகிறேன். தாரணிக்குத் தமிழ் படிக்கச் சோம்பல், அதனால் இதைத் தொட மாட்டாள்.

அடுத்த வாரம், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் மீத்திறன் வகுப்புக்கு முதல் தேர்வு. இரண்டு தேர்விலும் தேறினால் ஜனவரியில் வேறு பள்ளி, தீவின் அந்தக் கோடியில். சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "போனா ரெண்டு பேரும். இல்லன்னா யாரும் வேணாம்."

சொல்லும்போது என்னைப் பார்த்தார். இரட்டையரில் தாரணிதான் கெட்டிக்காரி, எல்லோருக்கும் தெரியும். நான் தோற்றால் அவளும் போக முடியாதா?

செப்டம்பர் 20

முதல் தேர்வில் இரண்டு பேருமே தேறிவிட்டோம். இன்னும் ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் 26

போன வருஷம் மின்தூக்கியில் தனியாக மாட்டிக்கொண்டதிலிருந்து தாரணி இல்லாமல் நான் ஏறுவதில்லை. இன்று அதற்குள் வைத்துச் சொன்னாள்: "டீ தர்ஷி, நீ மட்டும் கோட்டை விட்டே, உன்கூட பேசவே மாட்டேன் பாரு!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 17

இரண்டாம் தேர்வு. பென்சில் இரண்டு தடவை கீழே விழுந்தது. தாரணி சீக்கிரமே முடித்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள். நான் மணி அடிக்கும்வரை எழுதினேன்.

"ஈஸி லா!" என்றாள் வெளியே வந்து.

நான் போய் வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 18

அவளோட வாழ்க்கையையே நான் கெடுத்துட்டேன். கெடுத்துட்டேன்.

நவம்பர் 5

தேர்வு முடிவு சொல்ல வகுப்பாசிரியை மிஸ் கோ என்னை மட்டும் கூப்பிட்டார். ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். "டீச்சர், நான் தர்ஷிகா. அவதான் தாரணி."

"தெரியும்மா. உன்னைத்தான் கூப்பிட்டேன்."

நான் தேறிவிட்டேன். தாரணி தேறவில்லை.

பரவாயில்லை, யாரும் போக வேண்டாம், அதுதானே பேச்சு? வீட்டுக்கு வரும்வரை நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா சித்தியிடம் போனில், "தர்ஷி போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும்னு சொன்னீங்களேம்மா?"

"நீ மட்டும் தேறாம நின்னுட்டா உன் மனசு ஒடஞ்சிடுமேன்னு சொன்னதுடா, கண்ணு."

அப்போ தாரணிக்கு மனசு உடையாதா? அவள் கதவுப் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

நவம்பர் 9

பேச மாட்டேன் என்கிறாள். மின்தூக்கியிலும் ஏறுவதில்லை, பதினொரு மாடியும் படியில் இறங்குகிறாள். நானும் படிதான், இரண்டு மாடி பின்னால்.

டிசம்பர் 12

"தள்ளு." "சீப்பு எங்க?" இன்றைக்கு இவ்வளவுதான் பேசினாள்.

புதுப் பள்ளியில் எனக்கு யாரைத் தெரியும்? அங்கே எல்லோரும் தாரணி மாதிரி இருப்பார்கள்.

ஜனவரி 2

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

எழுந்ததே தாமதம். படியில் இறங்கினால் பேருந்து போய்விடும். மின்தூக்கி வந்து திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. கால் வரல. என்னால உள்ளே போக முடியல.

தாரணி வாயில் பல்துலக்கியோடு வெளியே வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய்க் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினாள். "ஏறு டீ. பஸ்ஸு போயிடும்."

ஏறினேன். கதவு மூடுவதற்குள் அவள் வெளியே குதித்துவிட்டாள்.

தனியாக. பதினொரு மாடியும் பயந்துகொண்டேதான் இறங்கினேன்.

கீழே கதவு திறந்ததும் படிப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து யாரோ தடதடவென்று ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.