ஓணான்மேட்டுக்கு வந்த குப்பை

விடுதி அறை 114
28.5.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிநாதன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சோற்றுக்கும் குறையில்லை, சப்பாத்தியைச் சோறு என்று ஒப்புக்கொண்டால்.

இங்கே ஒரு மாதமாக வகுப்பு நடக்கவில்லை. இட ஒதுக்கீடு கூடாது என்று பையன்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைப் பெருக்குகிறார்கள். ஒதுக்கீடு வந்தால் தங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சுமாம். பெருக்குவது அவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு இப்போதுதான் தெரியும். நான் ஒதுக்கீட்டில் வந்தவன் என்பது சேர்க்கைப் பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் என் எதிரே யாரும் உட்காருவதில்லை.

பேச ஆள் இல்லாததால் நம் ஊரையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். டவுன் குப்பையைக் கொட்ட எந்த இடம் பொருத்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மண், சரிவு, ரோடு, தண்ணீர், வீடு என்று வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மார்க் போடும். நம் காட்டுக்கொட்டாய்க்கு மேற்கே இருக்கும் ஓணான்மேடு தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறது. நான்கூட வாங்கினதில்லை.

நீ போய்ப் பார்த்து எழுது. அங்கே யாராவது குடியிருக்கிறார்களா? மண் கெட்டியா? ஊற்று, ஓடை ஏதாவது உண்டா? தண்ணீர் இருந்தால் அந்த இடம் கழிந்துவிடும், நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன் வேண்டாம். சாதுல்லா பாய் கடையில் நின்று நீ பேசினால் எனக்கு அழுகை வருகிறது.

உன் காசி


காட்டுக்கொட்டாய்
வடக்கனந்தல் வழி
11.6.2006

அன்புத் தம்பி காசிக்கு அக்கா செவ்வந்தி ஆசையோடு எழுதுவது.

உன் கடிதத்தை வழக்கம்போல் வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எதிரே யாரும் உட்காராத கதையைக் கேட்டுவிட்டுச் சின்னப்பொண்ணு அத்தை, "வுடு, காலை நீட்டிக்கினு துன்னச் சொல்லு" என்றார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டவுன் குப்பை நம் மேட்டுக்கு வரப்போகிறது என்றதும் இங்கே ஒரே சந்தோஷம். மாடு போன பிறகு மரவள்ளிக்கு ஒரு கூடை குப்பை அடிக்க வழியில்லாமல் கிடக்கிறோம். டவுனில் அத்தனை மாடா இருக்கிறது? சாணியும் தழையும் நன்றாக மக்கின குப்பைதானே? மரவள்ளிக்கு ஆகுமா என்று கட்டாயம் எழுது.

மேட்டில் ஆள் இல்லை. மண்ணில் கடப்பாறை இறங்காது. ஐப்பசியில் மட்டும் கிழக்கு ஓரம் ஒரு ஊற்று கசிந்து நம் கிணற்றுப் பக்கம் இறங்குகிறது. மாயவன் மாமா, "அத்த எழுதினா குப்ப வேற ஊருக்குப் பூடும், சும்மா இரு" என்றார். நீயும் சும்மா இருந்துவிடு.

உன் அக்கா
செவ்வந்தி


25.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆள் இல்லை, மண் கெட்டி, இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஊற்று விஷயம் மாமா சொன்னபடியே. அத்தை சொன்னபடி காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

ஆராய்ச்சி சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே வெயில் ஜாஸ்தி. அங்கே மழை உண்டா? மரவள்ளி நட்டாயிற்றா?

உன் காசி


காட்டுக்கொட்டாய்
4.11.2007

அன்புத் தம்பிக்கு,

உனக்கு வேலை கிடைத்த செய்திக்கு எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மேட்டில் குப்பை கொட்டக் கையெழுத்து கேட்டு டவுன் ஆபீசிலிருந்து வந்தவர்கள் உன் பெயர் போட்ட ஆராய்ச்சிக் காகிதத்தைக் காட்டினார்கள். நம் தம்பி எழுதினது என்று நான் நான் என்று முந்திக்கொண்டு கை நாட்டினோம். முதல் லாரி வந்த அன்று சின்னப்பொண்ணு அத்தை மூன்று கூடையோடு முன்னால் நின்றார்கள். கொட்டினதெல்லாம் பாலிதீன் பை, கண்ணாடி, ஆஸ்பத்திரி ஊசி, கோழி இறகு. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடி செவ்வந்தி, இதுவா குப்ப?" என்றார்கள்.

இப்போது ஊற்று எடுத்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பொம்பளைகள் வடக்கனந்தலுக்கு நடந்து குடம் தூக்குகிறோம். கம்ப்யூட்டர் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறது காசி. உனக்கும் தெரிந்திருக்காது. என்ன ஆயிற்று என்று பார்த்து எழுது. எல்லோரும் உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

உன் அக்கா
செவ்வந்தி


17.11.2007

அக்கா,

இதை மரத்தடியில் படிக்காதே. உனக்கு மட்டும்.

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணவில்லை. நீ குப்பை என்று எருவைச் சொல்கிறாய் என்பது உன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எரு இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அந்த வாரம் பேராசிரியர் எல்லார் முன்னாலும், "உன்னால் முடிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். நான் தோற்றால் சிரிக்க முப்பது பேர் இருந்தார்கள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் பட்டம் போகும், வேலை போகும். எனக்குத் தைரியம் வரவில்லை. நீ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

காசி


காட்டுக்கொட்டாய்
2.12.2007

காசிக்கு,

தபால்காரர் கொடுக்கும்போதே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மரத்தடிக்கு வராமல் இருக்க முடியவில்லை. மாயவன் மாமா, "தம்பி இன்னா எழுதிக்கிறான்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் தப்பாம், தம்பி ரொம்ப அழுகிறானாம் என்று உன் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். சின்னப்பொண்ணு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைய அழ வேணாம்னு எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன்.

ஊற்றை மறைத்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. நாளைக்கு மாமாவும் நானும் கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போய், மேட்டில் ஊற்று உண்டு, நாங்கள்தான் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். உன் பெயர் அதில் வராது, பயப்படாதே.

இனிமேல் கடிதம் போடாதே. இத்தனை வருஷத்தில் உன் கடிதத்தில் இல்லாத ஒரு வார்த்தையை நான் படித்ததில்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது.

செவ்வந்தி