கம்பம் நடாத வருடம்

ஏனுங்க,

இன்று காலை பஞ்சாயத்து மண்டபத்தில் வயதானவர்களுக்கு வகுப்பெடுக்க ஒரு சின்ன டாக்டர் பெண் வந்திருந்தாள். இந்த வயதில் ஆடுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று நம் எல்லைப்பக்கத்து வழக்கப்படி மலையாளமும் தமிழும் கலந்து சொன்னாள். மூச்சு சீராகுமாம், முட்டி இறுகாதாம், தடுமாறி விழுவது குறையுமாம், தாளத்தின் பின்னால் மனசு ஓடுவதால் மறதிகூடத் தள்ளிப்போகலாமாம். பெண்களெல்லாம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இதையெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளிலேயே உங்கள் உடம்பில் பார்த்தவள் நான்.

அப்போது உங்களுக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. வரப்பில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்கும். பக்கத்துச் சித்தூர் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இரண்டே நாள்தான் நடந்தீர்கள். எதிரே வருகிறவர்களெல்லாம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். மாடு தேடவோ மடை திருப்பவோ அல்லாமல் ஒரு குடியானவர் நடந்து நம் ஊர் பார்த்ததில்லை. "சும்மா நடக்கறேன்னு எந்த வாயில சொல்றது அம்மிணி?" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. மூன்று கிளையுள்ள மரத்தைக் கோயில் முன்னால் கம்பமாக நட்டு, நோம்பி முடியும்வரை பொழுது சாய்ந்ததும் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போன நீங்கள், உருமிச் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். மூச்சடைத்து விழுந்துவிடுவீர்களோ என்று நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். முதல் நாள் ஒரு சுற்றோடு உட்கார்ந்தீர்கள். போகப்போக உட்காருவது குறைந்தது. தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்கிக்கொண்டிருந்தவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினீர்கள். வயல்வரைக்கும் போய் ஆட்களைத் திட்டிவிட்டு வந்தீர்கள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டதும் ஆட்டமும் நின்றது. கம்பம் நிற்கும்வரைதான் ஆடுவது வழக்கம்.

"ஏனுங்க, நம்ம களத்துல நீங்க மட்டும் ஆடுனா ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"கம்பமில்லாம ஆடுனா கிறுக்குப் புடிச்சுதும்பாங்க" என்றீர்கள்.

அடுத்த நோம்பிக்காகக் காத்திருந்தீர்கள். மறுபடியும் மூச்சு வாங்கியது, தலையணைகள் திரும்ப ஏறின. பங்குனி எப்போது பிறக்கும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியோடு வம்பும் வந்தது. கம்பம் நட்டதும் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது முறை; அதில் முதல் குடத்தை யார் வீட்டிலிருந்து ஊற்றுவது என்று நம் பங்காளிகளுக்கும் மேற்குத் தெரு வளவுக்காரர்களுக்கும் தகராறு. ஒரு வருடம் விட்டுக்கொடுத்துப் போகலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பாதிப்பேர் சொன்னார்களாம். நீங்கள்தான் எழுந்து, "மருவாதி இல்லாத எடத்துல நோம்பி என்னத்துக்கு? இந்த வருசம் கம்பமே வேண்டாம்" என்று முடித்துவைத்தீர்கள். ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து மோர் கேட்டீர்கள். சொம்பை நீட்டியபடியே, அப்படியானால் நீங்கள் எங்கே ஆடுவீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் உங்களுக்கே அது உறைத்தது. மோரைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க உங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டீர்கள். ஆடியிருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கடைசி மாதங்களையாவது கொஞ்சம் லேசான உடம்போடு கழித்திருப்பீர்கள். ஒரு குடம் தண்ணீருக்காக அதைத் தொலைத்தீர்களே என்று இன்னும் எனக்கு உங்கள்மேல் கோபம்தான்.

பிறகு எனக்கும் முட்டி பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்ததும் களத்தில் இறங்கி, பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருந்த உங்கள் அடியையே வைத்தேன். ஆண்கள் ஆடுகிற ஆட்டம், ஆடுகிறவளோ புருசனைப் பறிகொடுத்தவள். ஊர் என்னென்னவோ பேசியது, பேசி ஓய்ந்தது. இன்றுவரை நான் விடவில்லை. மச்சுப்படி ஏற யார் கையையும் பிடிப்பதில்லை. நீங்கள் போன வயதை எப்போதோ தாண்டிவிட்டேன். நீங்கள் வாழாத வருடங்களையும் சேர்த்து நான் ஒருத்தியே ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு நாள் நீங்கள் அந்தக் களத்தில் இறங்கியிருக்கலாம்.