மரக்குண்டின் கொக்கி

மேசை டிராயரைத் துடைக்கும்போது அந்த மரக்குண்டு கையில் வந்தது. நேற்றுதான் பேப்பரில் படித்தேன்: இரண்டு வேறு உலோகங்களைச் செயற்கைக்கோளில் ஏற்றி, பூமியைச் சுற்றி வருடக்கணக்கில் விழவிட்டுப் பார்த்தார்களாம். இரண்டும் ஒன்றுபோலத்தான் விழுந்தனவாம். உனக்குச் சொல்ல போனைக்கூட எடுத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

எழுபதுகளின் கடைசியில், நம் பி.எஸ்சி. ப்ராஜெக்ட்டும் கிட்டத்தட்ட அதுதான். பித்தளை, ஈயம், மரம் என்று ஒரே அளவில் மூன்று குண்டுகள், ஒரே நீள நூலில். எதைக் கட்டி ஆட்டினாலும் பூமி ஒரே மாதிரிதான் இழுக்கிறது என்று காட்ட வேண்டும். மரக்குண்டு மட்டும் லேபில் இல்லை. அதையும் அதில் திருக ஒரு கொக்கியையும் காந்தி மார்க்கெட் பக்கம் வெயிலில் அலைந்து வாங்கினோம். அந்த மரம் ஒவ்வொரு தடவையும் சற்று மெதுவாகவே ஆடியது.

"வந்ததை அப்படியே எழுதுவோம்டி. ஏன்னு அப்புறம் யோசிக்கலாம்" என்றாய். உனக்கென்ன, திருவானைக்காவலிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவள். நானோ ஹாஸ்டல்; மார்க் குறைந்தால் அப்பா என்னை ஊருக்கு, துறையூருக்கே கூட்டிப்போய்க் கல்யாணம் செய்து வைத்துவிடுவார். உன்னிடம் சொல்லாமல் மரத்தின் எண்களை பிளேடால் சுரண்டி, மற்ற இரண்டோடு ஒத்துப்போகிற மாதிரி எழுதினேன்.

பரீட்சையன்று எக்ஸாமினர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"யாரும்மா இதைத் திருத்தினது?"

நான் குனிந்து பேனாவை மூடினேன். உனக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் சார்" என்றாய்.

உன் மார்க்கைத்தான் வெட்டினார். எம்.எஸ்சி. இடம் எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. அப்புறம் ஒருநாள் ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "கொக்கிடி! மரத்துக்கு மட்டும் கொக்கி மாட்டினோமே, அந்த நீளத்தைக் கணக்குல சேர்க்கவே இல்ல. அதான் மெதுவா ஆடிச்சு!" அப்படி ஒரு சிரிப்பு. நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குண்டை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய்.

முப்பது வருடம் லேபில் நின்று, "வந்த ரீடிங்கை அப்படியே எழுதுங்க" என்று பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உன் வீட்டுக் காப்பியை எத்தனையோ தடவை குடித்தும் அந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

கொக்கி துருப்பிடித்துவிட்டது, கழலவில்லை. அன்று அந்த எக்ஸாமினர் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. கேட்க அவரும் இல்லை, நீயும் இல்லை.

நான்தான் சார்.